இணையத்தில் பெயரறிந்து இடமறிதல்

மக்கள் பொருள்களைப் பெயரால் அறிகின்றனர். பொறிகள் அவற்றை எண்ணால் அறிகின்றன. பெயர் நினைவில் நிற்கும். எண் கணக்கிற்கு எளிது. இவ்விரண்டிற்கும் இடையே நின்று, மனிதர் சொல்லும் பெயரைப் பொறிக்கு வேண்டும் எண்ணாக மாற்றித் தருவதற்கு இணையத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. அதனை ‘டொமைன் நேம் சிஸ்டம்’ என்பர். தமிழில் ஆட்களப் பெயர் முறை எனலாம். செல்பேசியைக் கையிலெடுப்பார் ஒவ்வொருவரும் நாடோறும் பலமுறை இதன் உதவியைப் பெறுகின்றனர். ஆயினும் இப்படியொன்று இருப்பதையே அறியாதார் பலர். அவ்வறியாமையால் பொருளிழந்தாரும் உளர். ஆதலின் இம்முறை எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதையும், அதனை அறிவதால் நமக்கு உண்டாகும் பயனையும் ஈண்டு ஆராய்வோம்.

எண் முகவரி

இணையத்தில் ஒன்றோடொன்று பேசும் கணினிகளுக்கு எண் முகவரி இன்றியமையாதது. பழைய வகை முகவரி நான்கு பகுதிகளை உடையது. ஒவ்வொரு பகுதியும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண். 192.0.2.10 என்பது இத்தகையது. எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்ட எண்களுள் இதுவும் ஒன்று. இவ்வகையில் அமையக்கூடிய எண்கள் ஏறத்தாழ 429 கோடி. உலகின் தேவைக்கு அவை போதாமையால், 128 இருமக் குறிகளைக் கொண்ட நீண்ட புதுவகை எண்ணும் வழக்கிற்கு வந்துள்ளது. 627 002 என்ற எண்ணைக் கண்ட அளவில் அஞ்சல் பிரிப்போர் பாளையங்கோட்டை என அறிந்து பையிலிடுவது போல, இணையத்தின் வழிகாட்டும் பொறிகள் இவ்வெண்களைப் பார்த்தே செய்திகளை அனுப்புகின்றன.

அங்ஙனமாயின் பெயர் எதற்கு என்று வினவலாம். எண்ணை நினைவிற் கொள்ளுதல் அரிது என்பது ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. ஒரு நிலையம் தன் கணினியை வேறிடத்திற்கு மாற்றினால் அதன் எண் மாறும். குடிபெயர்ந்த மனிதன் தன் பெயரை மாற்றிக் கொள்ளாதது போல, எண் மாறினும் பெயர் மாறாதிருத்தல் வேண்டும்.

ஒரே ஏடு இருந்த காலம்

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய ‘அர்ப்பாநெட்’ என்னும் வலையே இன்றைய இணையத்தின் முன்னோடி. அதில் இணைந்த கணினிகள் சிலவாக இருந்த காலத்தில், அவற்றின் பெயர்களும் எண்களும் ஒரே ஏட்டில் எழுதி வைக்கப்பட்டன. கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்னுமூரில், எலிசபெத் பைன்லர் என்னும் அம்மையாரின் தலைமையில் இயங்கிய செய்தி நிலையம் அவ்வேட்டைக் காத்தது. புதிய கணினி சேர்ந்தால் அந்நிலையத்துக்கு அறிவிக்க வேண்டும். அது திருத்திய ஏட்டை ஏனையோர் அவ்வப்போது படியெடுத்துக் கொள்ளவேண்டும்.

கணினிகள் பெருகவே மூவகை இடர்கள் தோன்றின. எல்லாரும் ஓரிடத்திலிருந்து படியெடுத்தமையால் அவ்விடத்தின் சுமை மிகுந்தது. இருவர் ஒரே பெயரை விரும்பினால் வழக்கு உண்டாயிற்று. படியெடுத்து முடிவதற்குள் ஏடு பழமையாயிற்று. இவற்றிற்குத் தீர்வாக பால் மொக்கபெட்ரிஸ் என்பார் 1983ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு புதிய முறையை வகுத்து வெளியிட்டார். 1987இல் திருத்தம் பெற்ற அம்முறையே இன்றளவும் இணையப் பெயர்களுக்கு அடிப்படையாய் நிற்கின்றது. பழைய ஏட்டின் சுவடோ, ‘ஹோஸ்ட்ஸ்’ என்னும் பெயருடைய சிறு கோப்பாக இன்றும் நம் கணினிகளில் காணப்படுகின்றது.

பொறுப்பைப் பகிர்ந்தளித்தல்

மொக்கபெட்ரிஸ் வகுத்த முறையின் உயிர்நிலை யாதெனில், ஒருவரே எல்லாப் பெயர்களையும் அறிந்திருக்க வேண்டுவதில்லை என்பதாம். பெரும்பிரிவைக் காப்போர் தமக்கு அடுத்த சிறுபிரிவுகளைக் காப்போர் யாவர் என்று மட்டும் அறிந்தாற் போதும். அவர் தமக்குக் கீழுள்ளாரை அறிவர்.

இது நம் நாட்டார்க்குப் புதுமையன்று. நம் ஆற்றங்கரைக் கோயிற் கல்வெட்டுகளை நோக்குக. ‘முள்ளிநாட்டு இளங்கோய்க்குடி’ என்று அம்பாசமுத்திரப் பகுதியையும், ‘கீழ்வேம்பநாட்டுத் திருநெல்வேலி’ என்று நெல்லையையும் அவை குறிக்கின்றன. முதலில் நாடு, பின்னர் ஊர் என்று பெரிதிலிருந்து சிறிதிற்கு இறங்கி வரும் முறை இது. ஒரே பெயருடைய ஊர்கள் இரண்டிருப்பினும் நாட்டுப் பெயரால் அவை வேறுபடும். ஆகவே ஓர் ஊரின் முழுப்பெயர் என்பது அது யாருடைய எல்லைக்குள் நிற்கின்றது என்பதையும் சேர்த்துச் சொல்வதாகும்.

இணையப் பெயரிலும் இதே பொருள் அமைந்துள்ளது. எழுதும் வரிசை மட்டுமே தலைகீழானது. திருநெல்வேலி மாவட்ட நிருவாகத்தின் இணையதளப் பெயரை எடுத்துக் கொள்வோம். உரோம எழுத்தில் எழுதப்படும் அப்பெயரை ஒலிப்படி தமிழில் வரைந்தால் ‘திருநெல்வேலி.நிக்.இன்’ என்றாகும். இதில் கடைசியிலுள்ள ‘இன்’ என்பது இந்தியாவைக் குறிக்கும் பெரும்பிரிவு. 1989இல் இது நம் நாட்டிற்கு வழங்கப்பட்டது. நடுவிலுள்ள ‘நிக்’ என்பது நடுவணரசின் தேசியத் தகவலியல் மையம். முதலில் நிற்பதே நம் ஊர். மனிதர் இதனை இடமிருந்து வலமாக வாசிப்பர். கணினியோ கல்வெட்டின் முறைப்படி, வலக்கோடியிலுள்ள பெரும்பிரிவில் தொடங்கி இடப்பக்கம் நகரும்.

தேடும் முறை

ஒருவர் தம் செல்பேசியில் அப்பெயரை எழுதியவுடன் நிகழ்வதைக் காண்போம். செல்பேசி முதற்கண் தன் நினைவில் அப்பெயர்க்குரிய எண் உளதா என்று பார்க்கும். இல்லையேல், தேடிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு கணினியை வினவும். ‘ரிசால்வர்’ எனப்படும் அதனைத் தேடுங்கணினி என்று அழைப்போம். பெரும்பாலும் நமக்கு இணைய வசதி தரும் நிறுவனமே அதனை வைத்திருக்கும்.

தேடுங்கணினி தானும் அறியாதாயின், எல்லாவற்றிற்கும் மேலுள்ள வேர் வழங்கியிடம் செல்லும். வேர் வழங்கிகள் ஆங்கில நெடுங்கணக்கின் முதல் 13 எழுத்துகளைப் பெயராகக் கொண்டவை. பெயரளவில் 13 ஆயினும், ஒவ்வொன்றற்கும் உலகெங்கும் பல பிரதிகள் உண்டு. எல்லாம் சேர்ந்து ஆயிரத்திற்கும் மேற்பட்டவை. 2005ஆம் ஆண்டிலேயே சென்னையிலும் மும்பையிலும் டில்லிப் பகுதியிலும் அத்தகைய பிரதிகள் நிறுவப்பட்டன. இவ்வேர் வழங்கிகளின் எண்கள் மட்டும் தேடுங்கணினிக்கு முன்னரே சொல்லி வைக்கப்பட்டுள்ளன. ஏனையவற்றை எல்லாம் அது கேட்டே அறியவேண்டும்.

வேர் வழங்கி திருநெல்வேலியை அறியாது. அறிந்தது, ‘காம்’, ‘இன்’ முதலாய தலைமைப் பிரிவுகள் ஏறத்தாழ 1,400 மட்டுமே. ஆகவே, “நான் அறியேன்; ‘இன்’ பிரிவைக் காப்போர் இன்னார், அவரைக் கேள்” என்று அது விடையளிக்கும். ‘இன்’ பிரிவின் பதிவேடு ‘நிக்ஸி’ என்னும் இந்திய நிறுவனத்தின் பொறுப்பிலுள்ளது. அப்பிரிவின் வழங்கி, ‘நிக்’ பிரிவைக் காப்போரைச் சுட்டும். ‘நிக்’ பிரிவின் வழங்கியே திருநெல்வேலிக்குரிய விடையை உரிமையோடு சொல்லவல்லது. அவ்விடையைப் பெற்ற தேடுங்கணினி அதனைச் செல்பேசியிடம் சேர்க்கும். இத்தனையும் இமைப்பொழுதில் முடிந்துவிடும். இவ்வாறு ஒவ்வொரு படியிலும் கிடைப்பது முழு விடையன்று; அடுத்துக் கேட்க வேண்டியவர் யார் என்ற குறிப்பே என்பதை மாணவர்கள் ஊன்றிக் கவனித்தல் வேண்டும்.

இம்முறையின் சிறப்பை நம் மாவட்ட வரலாறே விளக்கும். 2019ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் தென்காசி தனி மாவட்டமாயிற்று. அம்மாவட்டத்திற்கும் ‘தென்காசி.நிக்.இன்’ என்ற பெயர் அமைந்தது. இதற்காக வேர் வழங்கியில் ஓரெழுத்தும் மாறவேண்டுவதில்லை. ‘இன்’ பதிவேட்டிலும் மாற்றமில்லை. ‘நிக்’ பிரிவைக் காப்போர் தம் ஏட்டில் ஒருவரி சேர்த்தால் போதும். அவ்வளவில் உலகின் எக்கோடியிலிருந்து வினவுவார்க்கும் விடை கிடைக்கும். ஒரே ஏட்டின் காலத்திலோ, அம்மாற்றம் உலகிலுள்ள கணினி ஒவ்வொன்றிற்கும் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

குளத்து நீரும் விடையின் ஆயுளும்

வினவுதொறும் வேர்வரை சென்று மீள்வதாயின் வேர் வழங்கிகள் தாங்கா. நம் பொருநையாற்றின் பாசன ஏற்பாட்டை எண்ணிப் பார்க்க. சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து பிரியும் நெல்லைக் கால்வாய், நகரிலுள்ள நயினார் குளத்தை நிரப்புகின்றது. குளத்தில் நீருள்ளவரை வயலுடையான் மடையைத் திறந்து பாய்ச்சிக் கொள்கின்றான். ஒவ்வொரு நாளும் பாபநாசத்தை நோக்கி ஏகுவதில்லை. தேடுங்கணினியும் ஒருமுறை பெற்ற விடையைத் தன்னிடம் தேக்கி வைத்துக் கொள்ளும். அடுத்து வினவுவார்க்கு அதனையே எடுத்து வழங்கும்.

ஆயினும் தேங்கிய நீர் நாட்படக் கெடுமன்றோ? அதனால் ஒவ்வொரு விடைக்கும் ஓர் ஆயுள் விதிக்கப்பட்டுள்ளது. ‘இவ்விடை இத்தனை நொடிகளுக்கே செல்லும்’ என்று விடையளிப்பவரே குறித்து அனுப்புவர். வேர் வழங்கி தரும் குறிப்புக்கு இரண்டு நாள் ஆயுள். சில தளங்களின் விடைக்குச் சில நிமிடங்களே ஆயுள். ஒரு தளம் எண்ணை மாற்றிக் கொண்டபின்னும் சிலர்க்குப் பழைய இடமே சிறிது நேரம் தோன்றுவது இதனாலேயாம்.

உரிய வழங்கி மறைந்துபோனால் என்னாகும் என்பதை உலகம் 2021ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் கண்டது. ‘பேஸ்புக்’ நிறுவனத்தின் வலையில் நேர்ந்த பிழையால் அதன் பெயர் வழங்கிகளை எவரும் அணுக முடியாது போயிற்று. தேங்கிய விடைகளின் ஆயுளும் முடியவே, ‘வாட்ஸ்அப்’ உட்பட அந்நிறுவனத்தின் சேவைகள் ஏறத்தாழ ஆறு மணிநேரம் இயங்கவில்லை. பெயர் சொல்வாரின்மையால், இருந்த பொருளும் இல்லாதது போலாயிற்று.

பொய் விடை

நிற்க. விடை தருவோர் மெய்யே சொல்வர் என்பதற்கு உறுதி யாது? தொடக்கத்தில் உறுதி ஒன்றுமில்லை. 2008ஆம் ஆண்டில் டான் காமின்ஸ்கி என்னும் அறிஞர், தேடுங்கணினிக்கு உண்மை விடை வந்து சேருமுன் பொய் விடையை நுழைத்துவிடுதல் எளிது என்று காட்டினார். குளத்தில் நஞ்சு கலப்பது போன்றது இது; கலந்தபின் அக்குளத்து நீரைக் கொள்வார் அனைவர்க்கும் கேடு. உடனடியாகச் செய்த திருத்தங்களோடு, முன்னரே வகுக்கப்பட்டிருந்த கையொப்ப முறையும் இதனால் விரைவு பெற்றது. இம்முறையில் பெயர் விடை ஒவ்வொன்றும் மறைகுறிக் கையொப்பத்தோடு வரும். கீழ்ப்பிரிவின் கையொப்பத்திற்கு மேற்பிரிவு சான்று பகரும். அனைத்திற்கும் மேலான வேர்ப்பதிவேடு 2010ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் கையொப்பம் பெற்றது. எனினும் எல்லாப் பெயர்களும் இன்னும் இக்காவலுக்குள் வந்துவிடவில்லை.

பெயரைப் படிக்கும் முறை

மேற்கூறிய பொய்யிலும் எளிய பொய் ஒன்று இந்நாளில் மலிந்துள்ளது. அது கணினியை ஏமாற்றுவதன்று. பெயரை முறையறிந்து படிக்கத் தெரியாத மனிதரை ஏமாற்றுவது. ‘திருநெல்வேலி.நிக்.இன்’ என்று எழுதி, அதன்பின் மேலும் ஒரு புள்ளியிட்டு வேறொரு சொல்லும் ‘காம்’ என்ற ஈறும் சேர்த்து ஒருவன் குறுஞ்செய்தி அனுப்புகின்றான் என்க. இடமிருந்து வாசிப்பவர் நம் மாவட்டத்தின் பெயரையும் அரசின் பெயரையும் கண்டு நம்புவர். கணினியோ வலக்கோடியில் தொடங்கி, ‘காம்’ பிரிவிற்குச் சென்று, அவன் விலைகொடுத்துப் பெற்ற பெயரைக் கண்டு, அவன் வீட்டு வாயிலிலேயே கொண்டு நிறுத்தும். ஓய்வூதியம், மின்கட்டணம், வங்கிக் கணக்கு என்பவற்றின் பெயரால் வரும் வஞ்சச் செய்திகள் பல இவ்வகையின.

ஆதலின் இணையப் பெயரைக் கல்வெட்டுப் போலப் பெரிதிலிருந்து சிறிதாகப் படித்தல் வேண்டும். இரட்டைச் சாய்கோட்டிற்குப் பின் தொடங்கி, அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோட்டோடு பெயர் முடிகின்றது. அதன் பின்னுள்ள எழுத்துகளை எவரும் எப்படியும் எழுதலாம், அவற்றிற்கு மதிப்பில்லை. அப்பெயரின் வலக்கோடியிலிருந்து இரண்டு அல்லது மூன்று பகுதிகளை நோக்கினால் அதற்கு உரியவர் யாரென்பது விளங்கும். ‘காம்’, ‘இன்’ என்பவற்றின்கீழ் நேரே அமையும் பெயரைக் கட்டணம் செலுத்தி எவரும் பெறலாம். ‘கவ்.இன்’, ‘நிக்.இன்’ என்பவை அரசுக்கும், ‘ஏசி.இன்’ என்பது கல்வி நிலையங்களுக்கும் உரியவை. இந்திய ரிசர்வ் வங்கி, வங்கிகள் யாவும் 2025 அக்டோபர் 31ஆம் நாளுக்குள் ‘பேங்க்.இன்’ என்று முடியும் பெயர்களுக்கு மாறவேண்டுமென ஆணையிட்டதும் இக்கருத்துப் பற்றியே. மேற்பிரிவு யாருடையது என்று அறிந்தால், கீழ்ப்பெயர் எத்தன்மையது என்று ஓரளவு துணியலாம்.

தமிழில் பெயர்

இனி, நம் மொழி பற்றி ஒரு சொல். இம்முறை வகுக்கப்பட்ட நாளில், ஆங்கில எழுத்துகள் 26, இலக்கங்கள் 10, ஒரு சிறுகோடு ஆகியவையே பெயர்களுக்கு இடமாயின. அதனால் நேர்ந்த இடையூறு சிறிதன்று. தமிழில் ‘திருநெல்வேலி’ என்பதை எழுதும் வகை ஒன்றே. உரோம எழுத்திலோ, ஆங்கிலேயர் ‘டின்னெவெல்லி’ என்று சிதைத்தெழுதியது ஒருபுறமிருக்க, இன்றும் ‘தி’ என்பதற்கு ‘எச்’ எழுத்தைச் சேர்ப்பாரும் சேர்க்காதாருமாக இருதிறத்தார் உளர். மாவட்டத் தளத்தின் பெயரில் திருநெல்வேலிக்கு அவ்வெழுத்து இல்லை, தூத்துக்குடிக்கு உண்டு. மனிதர் பிழையைப் பொறுப்பர், பதிவேடு பொறாது. ஓரெழுத்துத் தவறினும் பெயர் வேறு, இடமும் வேறு. தமிழ் மட்டும் கற்ற முதியவர் ஒருவர் இதில் எங்ஙனம் வழியறிவார்?

இக்குறையை நீக்க, 1998ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ என்பாரும் அவர் குழுவினரும் பிறமொழி எழுத்துகளில் பெயரமைக்கும் வழியை ஆராய்ந்தனர். 2007இல் உலகளாவிய சோதனைக்கென வேர்ப்பதிவேட்டில் 11 பெயர்கள் சேர்க்கப்பட்டபோது, அவற்றுள் தமிழும் ஒன்றாய் இடம்பெற்றது. ‘உதாரணம்.பரிட்சை’ என்பதே அச்சோதனைத் தளத்தின் பெயர். ‘பரீட்சை’ என நெடிலாக எழுதுவதே நம் வழக்கு; ஆயினும் பதிவேட்டில் குறிலாக நின்றமையால் குறிலே வழி திறந்தது. அச்சோதனைப் பெயர்கள் 2013இல் நீக்கப்பட்டன. அதற்குள், 2010, 2011ஆம் ஆண்டுகளில், ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’, ‘.இந்தியா’ என்னும் மூன்று தமிழ்ப் பெயர்கள் வேர்ப்பதிவேட்டில் நிலையாக ஏறின. மூன்று நாடுகளின் பெயர்கள் தமிழெழுத்தில் அவ்வேட்டில் நிற்பது நமக்குப் பெருமையே.

பழைய பொறிகள் தமிழறியாவாதலின், இடையில் ஒரு மாற்றம் நிகழ்கின்றது. ‘இந்தியா’ என்பதில் நாம் காண்பன இ, ந், தி, யா என்னும் நான்கு எழுத்துகள். கணினி புள்ளியையும் விசிறியையும் காலையும் தனித்தனிக் குறியாகக் கொண்டு ஏழு என எண்ணும். அவ்வேழு குறிகளின் எண்மதிப்பையும் ஒரு கணக்கு முறையால் சுருக்கி, ஆங்கில எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு கோவையாக்கி, ‘எக்ஸ், என்’ என்னும் எழுத்துகளையும் இரு சிறுகோடுகளையும் முன்னே சேர்த்து அனுப்பும். வழங்கிகள் காண்பது அக்கோவையையே; மனிதர் காண்பது தமிழை. ஒப்புமையால் வரும் வஞ்சனைக்கும் இங்குக் காவல் வேண்டும். ௧ என்னும் தமிழ் இலக்கம் ககரத்தையும், ௨ என்பது உகரத்தையும், ௭ என்பது எகரத்தையும் ஒத்திருத்தல் கண்கூடு. கண்ணுக்கு ஒன்றாயினும் கணினிக்கு அவை வேறு வேறாம்.

வழி திறந்து ஆண்டுகள் பலவாகியும் அவ்வழியே நடப்பவர் குறைவு. தமிழ்ப் பெயர் பூண்ட தளங்கள் அரியன; தமிழ்ப் பெயரில் அமைந்த மின்னஞ்சலை ஏற்காத நிலையங்களும் உள. கதவைத் திறப்பது பதிவேட்டைக் காப்போர் கடமை. உட்புகுவது நம் கடமை. கணினிக் கல்வி பயிலும் நம் கல்லூரி மாணவர்கள், தாம் அமைக்கும் தளங்களுக்கு உரோம எழுத்துப் பெயரோடு தமிழெழுத்துப் பெயரும் பெற முயல்வார்களாக. தாம் எழுதும் நிரல்கள் தமிழ்ப் பெயரைப் பிழையென்று தள்ளாதவாறு பார்த்துக் கொள்வார்களாக. இல்லத்திலுள்ள பெரியோர்க்கு, பெயரை வலக்கோடியிலிருந்து படிக்கும் முறையை ஒரு மாலைப் பொழுதில் அமர்ந்து கற்பிப்பார்களாக. ஊரின் பெயரோடு நாட்டின் பெயரையும் சேர்த்தே பொறித்து வைத்த முன்னோரின் மரபில் வந்த நமக்கு, யார் கொடுத்த பெயர் என்று கேட்டறிந்த பின்னரே ஒரு பெயரை நம்புதல் அரிய செயலாகாது.